வெப்பக்காற்று பலூன் நடுவில் எங்கே போயிருந்தது? நம்ம திருநெல்வேலியில் பறக்குமா?

கடையநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வெப்பக்காற்று பலூனைக் கண்டுபிடித்தது பிரெஞ்சுக்காரர்கள்தானா, சீனர்கள் அவர்களுக்கு முந்தியா? அடியில் தீ மூட்டினால் மேலே போகிற இவ்வளவு எளிய சாமான் நடுவில் இத்தனை காலம் எங்கே போயிருந்தது? பொள்ளாச்சியில் பொங்கல் சமயத்தில் விடுகிறார்களே, நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஏன் விடுவதில்லை? மூன்று கேள்விகள் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பலூன் பறப்பதற்கு உண்மையில் என்ன வேண்டும்? துணியும் தீயும் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டால் அந்த இடைவெளி புரியாது, நம்ம ஊர் நிலவரமும் புரியாது.

நான் வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் பலூன் விடுவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. ஆனால் அவை ஹைட்ரஜன் அடைத்த ரப்பர் பலூன்கள், ஆள் ஏறுகிறவை அல்ல. ஆகவே காற்றைப் பற்றி இங்கே எழுதுவது தொழிலில் கற்றது. பர்னர், கூடை பற்றி எழுதுவது படித்தும், பலூன் ஓட்டுகிறவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் யார் என்பது. சூடான காற்று மேலே போகும் என்பதைக் கையில் செய்து பார்த்தவர்கள் சீனர்கள். காகித விளக்கை வானில் விடும் பழக்கம் அங்கே மிகப் பழையது. மூன்றாம் நூற்றாண்டுத் தளபதி சூகே லியாங் போர்க்களத்தில் சைகைக்காக விட்டார் என்பது செவிவழிக் கதை. பழக்கம் பழையது என்பது வரைக்கும் நம்பலாம், அவர்தான் செய்தார் என்பதைக் கதையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 1709 ஆகஸ்டில் பார்த்தலோமியு டி குஸ்மாவ் என்ற பாதிரியார் லிஸ்பனில் போர்ச்சுகல் மன்னர் முன்னால் ஒரு சின்னக் காகித பலூனை எழுப்பிக் காட்டியது ஆவணத்தில் இருக்கிறது. பெரு நாட்டின் நாஸ்கா மக்கள் பாலைவனத்தில் வரைந்த பெரிய பெரிய கோடுகளை பலூனில் ஏறிப் பார்த்திருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். 1975-இல் பழைய முறைத் துணியை வைத்து ஒரு பலூன் செய்து, அங்கே ஆளோடு பறக்கவும் விட்டார்கள். அதனால் பறந்திருக்க முடியும் என்று தெரிகிறது, பறந்தார்கள் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. நம் புராண விமானங்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்களுக்கும் அதே பதில்தான். ஆளைச் சுமந்து பறந்து, பல பேர் பார்த்து, தேதியோடு எழுதி வைத்த முதல் பலூன் பிரான்சில்தான் எழுந்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜோசப், எத்தியேன் மோன்கோல்பியே அண்ணன் தம்பிகள். குடும்பத் தொழில் காகித ஆலை. 1783 ஜூன் 4-ஆம் தேதி, தங்கள் ஊரான அனோனேயில், கித்தான் துணிக்கு உள்பக்கம் காகிதம் ஒட்டி, துண்டு துண்டாகப் பொத்தான் போட்டு இணைத்த ஒரு பெரிய பையை ஊர் பார்க்க எழுப்பினார்கள். (ஜூன் 5 என்று எழுதுகிறவர்களும் உண்டு.) பத்து நிமிஷம் மேலே இருந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. எவ்வளவு உயரம் போயிற்று என்பதற்குப் புத்தகங்களில் வரும் எண்களெல்லாம் தரையில் நின்றவர்களின் கண் மதிப்பு, அவற்றை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம், அவர்களுக்குக் காரணமே தெரியாது என்பதுதான். புகையில் ஏதோ ஒரு தனி வாயு இருக்கிறது, அதுதான் தூக்குகிறது என்று நம்பினார்கள். அதனால் நன்றாகப் புகை வரட்டும் என்று ஈர வைக்கோலையும் ஆட்டு ரோமத்தையும் போட்டு எரித்தார்கள். சூடானால் காற்று விரிகிறது, விரிந்தால் அதே இடத்துக்குள் இருக்கும் காற்றின் எடை குறைகிறது, வெளியே இருக்கும் கனமான காற்று அதை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான் சங்கதி, புகைக்கு அதில் வேலையே இல்லை.

செப்டம்பர் 19-ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் முன்னால் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவலைக் கூண்டில் வைத்து அனுப்பினார்கள். மூன்றும் உயிரோடு இறங்கின. அப்புறம் நவம்பர் 21. பாரீசின் மேற்கு ஓரத்தில் இருந்த லா முயெத் அரண்மனைத் தோட்டத்திலிருந்து பிலாத்ர் தெ ரோசியே என்ற இளைஞரும் தார்லாந்த் பிரபுவும் ஏறினார்கள். பையின் வாயைச் சுற்றி ஒரு வட்ட நடைமேடை, நடுவில் இரும்புத் தட்டில் தீ. எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள், நடுவில் தீயும் துணியும் இருந்ததால் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை. கவையால் வைக்கோலை அள்ளித் தீயில் போட வேண்டும். போடாவிட்டால் பலூன் ஊருக்கு நடுவே கூரைகள் மேல் இறங்கிவிடும். போட்டால் பொறி பறந்து துணியைப் பொசுக்கும். அதற்கென்று ஈரப் பஞ்சு வைத்திருந்தார்கள். தார்லாந்த் துணியில் விழுந்த ஓட்டைகளை அந்தப் பஞ்சால் அமர்த்திக்கொண்டே வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 25 நிமிஷம், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். மனிதன் தரையை விட்டுக் கட்டுக்கயிறு இல்லாமல் பறந்த முதல் பயணம் அது. கொண்டுபோன வைக்கோலில் மிச்சம் இருந்தபோதே இறங்கிவிட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. வைக்கோல் என்பது இடத்தை அடைக்கும், சீக்கிரம் எரிந்து தீரும், பொறி கிளப்பும். ஒரு மணி நேரம் பறக்க வேண்டுமானால் அவ்வளவு வைக்கோலை வைப்பதற்கே கூடை போதாது. இதே சமயத்தில் பேராசிரியர் ஜாக் சார்ல், இரும்புத் தூள் மேல் கந்தக அமிலம் ஊற்றி ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 27-இல் அவர் விட்ட ஆளில்லா பலூன் கோனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது, பயந்துபோன ஊர்க்காரர்கள் கவை எடுத்துக் குத்திக் கிழித்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி, அதாவது அந்தத் தீ பலூன் பறந்து பத்தே நாளில், சார்லும் அவர் துணைவர் ராபரும் ஹைட்ரஜன் பலூனில் பாரீசிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து, 36 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார்கள். ஒரு கன மீட்டர் சூடான காற்று கால் கிலோ அளவுக்குத் தூக்கும். அதே கன மீட்டர் ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கும், தீயும் வேண்டாம், வைக்கோலும் வேண்டாம். போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைத்தவர் அதே பிலாத்ர் தெ ரோசியே. மேலே ஹைட்ரஜன், கீழே தீ வைத்த வெப்பக்காற்று என்று ஒரு கலப்பு பலூன் செய்து, 1785 ஜூன் 15-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கக் கிளம்பினார். கரையை ஒட்டியே விழுந்தது. அவரும் கூட வந்த பியர் ரொமேனும் இறந்தார்கள். தீப்பொறி ஹைட்ரஜனில் பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். வால்வைத் திறந்தபோது துணி கிழிந்தது என்பவர்களும் உண்டு, அந்த விவாதம் முடியவில்லை. வான்பயணத்தில் முதலில் பறந்தவரே முதலில் இறந்தவர்களில் ஒருவராகவும் ஆனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சாகும்போது அவருக்கு 31 வயதுதான்.

அதற்குப் பிறகு நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் பலூன் என்றால் வாயு பலூன்தான். முதலில் ஹைட்ரஜன், 1821-இல் லண்டனில் சார்ல்ஸ் கிரீன் நிலக்கரி வாயுவில் பறந்து காட்டிய பிறகு, தெருவிளக்குக்குக் குழாயில் வந்த அதே வாயு மலிவாகக் கிடைத்தது. 1794-இல் பிரெஞ்சுப் படை எதிரியை வேவு பார்க்க பலூன் ஏற்றியது. 1870-71 பாரீஸ் முற்றுகையில் அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் தபாலையும் ஆட்களையும் வெளியே கொண்டுபோயின. 1889-இல் கல்கத்தாவில் ராமச்சந்திர சாட்டர்ஜி பறந்து, பலூனில் பறந்த முதல் இந்தியர் என்று பெயர் வாங்கினார். அதுவும் வாயு பலூன்தான். என் தொழிலின் முன்னோர்களும் இந்தக் காலத்தவர்கள். 1862 செப்டம்பரில் ஜேம்ஸ் கிளைஷர், ஹென்றி காக்ஸ்வெல் என்ற இருவர் வானிலை அளக்க ஏறி, 8,800 மீட்டர் தாண்டிவிட்டார்கள். கிளைஷர் மயங்கிவிட்டார். காக்ஸ்வெல்லுக்குக் குளிரில் கை மரத்துப்போக, வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து இறக்கினார். ஆளை அனுப்பாமல் கருவியை மட்டும் அனுப்பும் பழக்கம் பின்னால் வந்தது, அப்படி விட்ட பலூன்களை வைத்துத்தான் தெசெரான் தெ போர் 1902-இல் வளிமண்டலத்தில் நாம் இருக்கும் அடுக்குக்கு மேலே ஸ்ட்ராடோஸ்பியர் என்ற அடுக்கு இருப்பதை அறிவித்தார். வெப்பக்காற்று பலூன் அடியோடு செத்துப்போகவில்லை. தரையில் குழி வெட்டித் தீ மூட்டி, அந்தப் புகையைப் பைக்குள் அடைத்து, ஒரு ஆளைத் தொங்கவிட்டு மேலே அனுப்பி, அவர் பாராசூட்டில் குதிக்கும் வித்தையைத் திருவிழாக்களில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே போன பிறகு தீ கிடையாது. காற்று ஆறினால் பை விழுந்துவிடும்.

அதை மறுபடி எழுப்பியவர் அமெரிக்கர் எட் யோஸ்ட். 1960 அக்டோபர் 22-ஆம் தேதி, நெப்ராஸ்கா மாநிலம் புரூனிங் என்ற இடத்தில், நைலான் துணிப் பை ஒன்றின் கீழே புரோபேன் பர்னர் பொருத்தி, ஒரு பலகையில் உட்கார்ந்து ஒரு மணி 35 நிமிஷம் பறந்தார். புரோபேன் நம்ம வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பதன் நெருங்கிய உறவு. அழுத்தத்தில் திரவமாக அடங்கிக் கிடக்கும், வால்வைத் திறந்தால் அந்த நொடியே பெரிய சுடராக எரியும், மூடினால் நின்றுவிடும். பர்னரில் ஒரு சுருள் குழாய் சுடருக்குள்ளேயே இருக்கும். திரவம் அதன் வழியாக வரும்போதே சூடாகி ஆவியாகிவிடுகிறது. பொறி இல்லை, சாம்பல் இல்லை. நைலானும் எடை குறைவு, காற்றுக் கசியாது, கிழிந்தால் கிழிசல் ஓடாத மாதிரி நெய்யலாம். 1783-இல் இருந்த தத்துவம் அப்படியேதான் இருக்கிறது, வைக்கோல் இருந்த இடத்துக்கு சிலிண்டர் வந்தது. அந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1972-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி ஊரில் 13 பலூன்களோடு ஆரம்பித்த திருவிழா உலகத்திலேயே பெரியதாக வளர்ந்தது. 1987-இல் ரிச்சர்ட் பிரான்சனும் பெர் லின்ட்ஸ்ட்ரான்டும் வெப்பக்காற்றிலேயே அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். 1999-இல் பெர்த்ராண்ட் பிக்கார், பிரையன் ஜோன்ஸ் இருவரும் எங்கும் இறங்காமல் உலகத்தைச் சுற்றி வந்தது ஹீலியமும் சூடான காற்றும் கலந்த பலூனில்; அந்த வகைக்குப் பெயரே இன்றைக்கும் ரோசியே தான். 2005 நவம்பர் 26-இல் விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து கிளம்பி 21,027 மீட்டர் உயரம் தொட்டு உலக சாதனை செய்தார். அப்போது அவருக்கு 67 வயது.

இப்போது நம்ம ஊர். முதலில் சூடு. பையின் உள்ளே காற்றைச் சுமார் 100 டிகிரி வரை சூடாக்கலாம், ரொம்பத் தாண்டினால் நைலான் கெட்டுவிடும். அந்த உள்சூடு நிலையாக இருப்பதால், வெளியே எவ்வளவு குளிர் இருக்கிறதோ அவ்வளவு தூக்கும். 2,200 கன மீட்டர் பலூன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சில பேர் ஏறும் சாதாரண அளவு அது. ஐரோப்பாவில் 5 டிகிரி குளிர்ந்த காலையில் அது சுமார் 710 கிலோ தூக்கும். பாளையங்கோட்டையில் தை மாதம் விடியற்காலை 23 டிகிரி என்றால் 540 கிலோ. சித்திரை மாதப் பகலில் 35 டிகிரியில் 440 கிலோதான். பை, கூடை, பர்னர், சிலிண்டர் எல்லாம் சேர்ந்தே 300 கிலோ பக்கம் வந்துவிடும் என்றால், அங்கே ஐந்து பேர் ஏறும் பலூனில் இங்கே தை மாதக் காலையில் மூன்று பேர், சித்திரைப் பகலில் இரண்டு பேருக்கே இழுபறி. ஆகவே நம்ம பக்கம் பறப்பதற்கு இன்னும் பெரிய பை வேண்டும், விடியற்காலை வேண்டும். முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

காற்றுக்கு வருவோம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கணவாய்க் காற்று அதிகம், அதனால்தான் பலூன் விட முடியாது என்று பலரும் சொல்கிறார்கள். இது பாதிதான் சரி. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் மேல்காற்றில் பலூன் விரிக்கவே முடியாது. தரையில் காற்று மணிக்கு 15, 18 கிலோமீட்டரைத் தாண்டினாலே பொதுவாகப் பலூன்காரர்கள் கூடையைத் தொட மாட்டார்கள். ஆனால் பொள்ளாச்சியும் பாலக்காட்டுக் கணவாயின் வாசலில்தான் இருக்கிறது. அங்கே ஆடியிலா விடுகிறார்கள்? ஜனவரியில் விடுகிறார்கள். கணவாய்க் காற்று அடங்கி, மழையும் ஓய்ந்து, வாடைக்காற்று மெல்ல வீசும் காலம் அது. அந்தக் காலம் நமக்கும் உண்டு: மார்கழிக் கடைசி முதல் மாசி வரை, சூரியன் எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள். வெயில் ஏறிவிட்டால் தரை சூடாகிக் காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும், அதில் மாட்டிக்கொண்டால் பலூனை ஏற்றவோ இறக்கவோ கையில் பிடி இருக்காது.

பலூனுக்குத் திருப்பும் சக்கரம் கிடையாது. ஓட்டுகிறவர் கையில் இருப்பது உயரம் மட்டுமே. ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் போகும், வேண்டிய பக்கம் போகும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே போய் நிற்க வேண்டும். ஆல்புகர்க்கி பிரபலமானதற்கே இதுதான் காரணம். அங்கே இலையுதிர் காலக் காலைகளில் கீழே ஒரு திசையும் மேலே எதிர்த் திசையும் வீசுவதால் போன பலூன் கிளம்பிய இடத்துக்கே திரும்ப முடிகிறது. காற்று இப்படி உயரத்தோடு திசை மாறுவதை நான் தியோடலைட் (கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) வழியாகக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடியுமுன் பைலட் பலூன் (காற்றின் போக்கை அறிய விடும் ஆளில்லாத சின்ன பலூன்) விட்டால் அது கண்ணுக்குத் தெரிய வாலில் ஒரு சின்ன விளக்கு கட்டுவோம். நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு கோணங்களைப் படித்து எழுத வேண்டும். மேற்கே நகர்ந்துகொண்டிருந்த வெளிச்சப் புள்ளி ஒரு உயரம் தாண்டியதும் தயங்கும், அப்படியே நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். கூட நிற்கும் புதுப் பையன்கள் கருவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

நம்ம பக்கத்துக்கு உண்மையான தடை இறங்குமிடம். காற்றாலைகளை எண்ணிப் பாருங்கள்: கயத்தாறு, ராதாபுரம், பணகுடி, வள்ளியூர், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சுரண்டை, ஆய்க்குடி. ஒவ்வொரு காற்றாலைக் கூட்டத்திலிருந்தும் மின்கம்பிகள் கிளம்புகின்றன. பலூனுக்கு எமன் காற்றாலைச் சிறகைவிட இந்தக் கம்பிகள்தான். 2016-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பலூன் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 16 பேரும் இறந்தார்கள். மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே இறங்கினால் தேடிப் போகவும் வழி இல்லை. தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமும் அதன் உயரமான கம்பங்களும். கிழக்கே கடல். வாகைக்குளம் விமான நிலையமும் இருக்கிறது. இவற்றை வரைபடத்தில் குறித்தால் மிஞ்சுவது சின்ன இடம்தான். பொள்ளாச்சியில் பலூன் கேரள எல்லை தாண்டி பாலக்காட்டு வயலில் இறங்கியது செய்தியாக வந்தது. இறங்குவதற்கு வயல் இருந்ததால் செய்தியோடு முடிந்தது.

மிஞ்சும் இடம் எது என்று கேட்டால், என் கணிப்பு, சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே உள்ள தாமிரபரணிக் கரை. ஆனால் அங்கே தையில் பிசானப் பயிர் நிற்கும். விளைந்த நெல் மேல் கூடையும், பின்னாலேயே ஓடிவரும் ஜனமும் இறங்கினால் விவசாயி சும்மா இருப்பாரா? இருக்கவும் கூடாது. அறுப்பு முடிந்த மாசிக் கடைசியில் வயல் காய்ந்து கிடக்கும், அப்போது இறங்கலாம், ஆனால் அதற்குள் காலைக் குளிர் குறைய ஆரம்பித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரங்கள் கிடைக்கலாம் என்பது என் எண்ணம். அதைக் கணிப்பில் நம்பி ஆளை ஏற்றக் கூடாது. யாராவது நிஜமாகவே முயல நினைத்தால், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதிக்கு எழுதுவதற்கு முன்னால், ஒரு வருஷம் மாசி மாதம் முழுக்க விடியற்காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து பைலட் பலூன் விட்டு, தரையிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தினமும் எழுதி வையுங்கள். ஒரு தியோடலைட்டும் பொறுமையான இரண்டு பேரும் இருந்தால் போதும். எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர நான் வருகிறேன்.